கதவிடுக்கில் ஒரு வயர்

டங். சர்ர்ர். டங். சர்ர்ர்.

நேற்று ராத்திரி பத்தே முக்காலுக்கு எங்கள் வாசலில் கேட்ட சத்தம் இது, அகிலா. மாடிப்படியில் கனமான எதையோ ஒவ்வொரு படியாக இறக்குகிற சத்தம். என் புத்திக்கு உடனே தோன்றியது இதுதான்: ஒருத்தன் இன்னொருத்தனை இழுத்துக்கொண்டு வருகிறான். உயிரோடு இருக்கிறவன் படிக்குப் படி அப்படி இடிபட்டால் ஒரு 'ஐயோ'வாவது சொல்வான் இல்லையா? சொல்லவில்லை.

வீட்டில் நானும் எட்டு மாதக் குழந்தையும்தான். இவருக்கு நைட் ஷிஃப்ட். கதவு திறந்திருக்கிறது.

ஆமாம், திறந்துதான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நம் பள்ளிக்கூட குரூப்பில் நீ கேட்டிருந்தாய்: "முதல் தடவையா எலெக்ட்ரிக் வண்டி வாங்கப்போறேன், ஆபீஸ் போகவும் ஞாயித்துக்கிழமை சும்மா சுத்தவும். எது நல்லதுன்னு சொல்லுங்களேன்ப்பா." நாற்பத்திரண்டு பேர் இருக்கிற குரூப்பில் மூன்று பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். ஒருத்தி பிறந்தநாள் வாழ்த்து சொன்னாள், அதுவும் உனக்கு இல்லை. ஆகையால் நான்தான் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

என்னை உனக்கு ஞாபகம் இருக்காது. நீ பி செக்‌ஷன், நான் ஏ. ஆறு வருஷம் ஒரே கான்வென்டில் படித்தும் நாம் பேசிக்கொண்டதில்லை. பி செக்‌ஷனில் பேன் இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். ஜெனோவா என்றால் தெரியாவிட்டாலும் 'ஃபயர் சர்வீஸ்' என்றால் தெரிந்திருக்கும். கெமிஸ்ட்ரி லேபில் யாரோ ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்ததைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் ஸ்கூல் மணியை அடித்து, அறுநூறு பிள்ளைகளையும் மைதானத்துக்குக் கொண்டுவந்தேனே, அந்தப் பெண். அன்றைக்கு உங்களுக்கும் கணக்குப் பரீட்சை தள்ளிப்போனது. நன்றி சொல்ல வேண்டாம்.

நான் பயந்தாங்கொள்ளி இல்லை. முன்ஜாக்கிரதைக்காரி. இரண்டும் வேறு. கண்டோன்மெண்டில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஆறு வருஷமாக விபத்து மனுக்களை டைப் அடிக்கிறேன். 'சம்பவம் நடந்த விதம்' என்று ஒரு கட்டம் வரும். அந்தக் கட்டத்தில் ஜனங்கள் எழுதுவதையெல்லாம் நீ ஒரு வாரம் படித்தால் கட்டிலைவிட்டு இறங்க மாட்டாய். கட்டிலிலிருந்து இறங்கும்போது நடந்ததே ஏழெட்டு இருக்கிறது.

அப்படியானால் வண்டி எதற்கு என்று கேட்பாய். நியாயமான கேள்வி. 'நான் டிராப் பண்றேன்' என்ற ஒரு வாக்கியம் இருக்கிறது, அகிலா. இவர், பெயர் பிலவேந்திரன், துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனி. கல்யாணமான நாளிலிருந்து அந்த வாக்கியத்தைத்தான் எனக்குச் சீதனமாகக் கொடுத்திருக்கிறார். காலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கேட்டருகில் நான் நிற்பேன். உள்ளே இவர் சாக்ஸ் தேடுவார். சாயங்காலம் ஆபீஸ் வாசலில் நிற்பேன். "தோ வந்துட்டேன், பால்பண்ணை தாண்டிட்டேன்" என்பார். பால்பண்ணை தாண்டிய மனிதர் வந்துசேர முக்கால் மணி நேரம் ஆகும். பிரசவ லீவு முடிந்து திரும்பச் சேரும்போது மேனேஜர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "இனிமே ஒன்பதரைன்னா ஒன்பதரைம்மா." குழந்தையைப் பார்க்க எங்கள் அம்மா காலை எட்டு மணிக்கு டாண் என்று வந்துவிடுகிறார். நான்தான் போகவேண்டும். என் காலில், என் நேரத்துக்கு.

சரி, வண்டிக்கு வருகிறேன். நான் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்கிறேன். நீயும் அப்படியே செய். இரண்டே இரண்டு கட்டம் மட்டும் கூடுதலாகப் போட்டுக்கொள். அவை எவை என்று பிறகு வரும்.

மார்ஜின் போட்ட லாங் சைஸ் நோட்டு. நீலத்தில் தலைப்பு, ஸ்கேல் வைத்துச் சிவப்பில் இரட்டைக் கோடு. சிஸ்டர் லியோகாதியா உங்களுக்கும் கணக்கு எடுத்தாரா? தொண்ணூற்றேழு வாங்கிக்கொண்டு போனால் பேப்பரைத் தராமல் கையில் பிடித்துக்கொண்டு, "மீதி மூணு எங்கே?" என்பாரே, அவர்தான். அவர் பார்த்திருந்தால் அந்த நோட்டை ஆபீஸ் ரூமில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார். பதினேழு கட்டம். வேகம், ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர், பிரேக், சீட் உயரம், மழை, முழங்கால் தண்ணீர், நாய் துரத்தினால், பாதி வழியில் நின்றால், பாதி வழியில் நின்று அப்போது நாயும் துரத்தினால்.

முதல் கடையில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஒரு பையன். "மேம், இது ஜீரோ டு ஃபார்ட்டி மூணே செகண்ட்."

"எனக்கு நாப்பதே வேண்டாம் தம்பி. இருபதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? கொஞ்சம் மெதுவா ஆகுமா?"

அவன் போய் மேனேஜரைக் கூட்டிவந்தான். அவர் வந்து, "கம்பெனி ரேஞ்ச் நூத்தி இருபது, ட்ரூ ரேஞ்ச் தொண்ணூறு மேடம்" என்றார். ட்ரூ ரேஞ்ச் உண்மை என்றால் மற்றது என்ன என்று கேட்டேன். தண்ணீர் குடிக்கிறீர்களா என்றார். நோட்டில் 'பொய்' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

இரண்டாவது கடையில் ஒரு பெண். சிரித்த முகம். சீட்டைத் தூக்கி, உள்ளேயிருந்து பேட்டரியை டிஃபன் கேரியர் மாதிரி கைப்பிடியோடு வெளியே எடுத்தாள். "இதுதான் எங்க ஸ்பெஷலே. வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போய் சார்ஜ் போட்டுக்கலாம் மேம். பெட் பக்கத்துலயே வச்சுக்கலாம்."

"குழந்தை தூங்குற ரூம்லயா?"

"தாராளமா மேம். அதுபாட்டுக்கு ஏறிட்டிருக்கும்."

அகிலா, 'அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது' என்று தொடங்குகிற மனுக்களை நான் எத்தனை டைப் அடித்திருக்கிறேன் தெரியுமா? வீட்டுக்குள் கழற்றிக்கொண்டு போகிற பேட்டரி எல்லாவற்றுக்கும் நோட்டில் சுழி போட்டேன். அந்தக் கடைப் படியிலேயே உட்கார்ந்து போட்டேன்.

மூன்றாவது கடை. சின்ன வண்டி, மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர்தான் ஓடும். லைசென்ஸே தேவையில்லை. எனக்கு எட்டுப் போட வராது, ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் என் எட்டு இரண்டு தடவையும் சுழியாகத்தான் முடிந்தது. ஒரு சார்ஜுக்கு அறுபது கிலோமீட்டர், அதுவும் ட்ரூ. முக்கியமாக, பேட்டரி வண்டியோடு போல்ட் போட்டு முறுக்கியது. கழற்றவே முடியாது. நெருப்போ கிருப்போ, எல்லாம் வாசலோடு சரி, வீட்டுப்படி ஏறாது. பதினேழு கட்டத்திலும் முழு மார்க். சிஸ்டர் லியோகாதியாவின் மாணவி வேறெதை வாங்குவாள்?

நடுவில் கொஞ்சம் ஆராய்ச்சியும் செய்தேன். கரண்ட் வண்டி தீப்பிடிக்கிற வீடியோ பதினொன்று கிடைத்தது. எல்லாருக்கும் அனுப்பினேன், தகவலுக்காக. இவருக்கு, அம்மாவுக்கு, மாடியில் இருக்கிற எங்கள் வீட்டு ஓனர் மங்கையர்க்கரசி அக்காவுக்கு. ஓனருக்குத் தெரிந்திருக்கவேண்டும் இல்லையா? அக்கா ரேஷன் கடையில் எடை போடுகிறவர். மகன் பெங்களூரில். தனியாகத்தான் இருக்கிறார். நல்ல திடகாத்திரம். குரல் கொடுத்தால் வரிசை தானாக நேராகும்.

வண்டி வந்த அன்று சாயங்காலம் ஃபாதர் மதலைமுத்துவை மந்திரிக்கக் கூப்பிட்டோம். தீர்த்தச் செம்போடு வந்தார். நான் குடையோடு நின்றேன்.

"எதுக்கும்மா குடை? மழை இல்லையே?"

"சீட்டுக்கு அடியில பேட்டரி இருக்கு ஃபாதர். அங்க மட்டும் தெளிக்க வேண்டாம்."

"அடிப்பாவி, பேய் உக்காருறதே அங்கதானே?"

கடைசியில் ஹேண்டில்பாருக்கும் பின் சக்கரத்துக்கும் மட்டும் ஆசீர்வாதம் கிடைத்தது. நடுப்பகுதி இன்னும் பழைய ஏற்பாட்டில்தான் இருக்கிறது. மங்கை அக்கா அவர் பங்குக்கு ஓர் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து முன் சக்கரத்தடியில் வைத்தார். இந்த வண்டிக்குச் சத்தமே கிடையாது, ஆன் ஆகியிருக்கிறதா என்று அதற்கே தெரியாது. நான் சும்மா கைப்பிடியைத் திருகிப் பார்த்தேன். வண்டி பழத்தை நசுக்கிக்கொண்டு போய் அக்காவின் துளசித் தொட்டியில் முட்டி நின்றது. ஃபாதர் இரண்டாவது தடவை தெளித்தார், இந்தத் தடவை என் மேல்.

அன்று ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் அந்தக் கேள்வி பிறந்தது. இவர் சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று கேட்டார்: "ஜெனோ, பிளக் எங்க?"

பதினேழு கட்டம், மூன்று கடை, ஒரு பாதிரியார், ஒரு எலுமிச்சம்பழம். பிளக் எங்கே என்று அதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

வாசலில் பிளக் கிடையாது, அகிலா. ஹாலில்தான் இருக்கிறது. ஜன்னல் வழியாக வயரை விடலாமே என்று உனக்குத் தோன்றும். ஜன்னல் பின்சந்துப் பக்கம், வண்டி மாடிப்படிக்குக் கீழே முன்பக்கம். சுவரில் ஓட்டை போடலாமே என்பாய். மங்கை அக்காவின் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது; எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் ஃப்ரிட்ஜ் மேல் படுத்திருக்கிறது. வெளியே ஒரு பிளக் போட்டுத்தரச் சொல்லிக் கேட்டதற்கு, "அந்த வண்டி என் சுவத்துல வாய வச்சு உறியவே கூடாது. எனக்கு எல்லாம் தெரியும்" என்றார். அந்த அக்காவுக்கு ஏன் இப்படி ஒரு பயம் என்று எனக்குப் புரியவேயில்லை. யாரோ எதையோ காட்டிக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஆக, ஹாலிலிருந்து தடி வயர். கதவு வழியாக வாசலுக்கு. அந்தக் கதவு சாதாரணக் கதவு இல்லை. கதவுக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு தபால் கார்டு போகாது, அவ்வளவு ஒழுக்கமான கதவு. வயர் நடுவில் கிடந்தால் இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்தே நிற்கும். தாழ்ப்பாள் எட்டாது.

நெருப்பு வீட்டுக்குள் வரக்கூடாது என்று இந்த வண்டியை வாங்கினேன். நெருப்பைத் தவிர வேறு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஆகிவிட்டது.

இருபத்தாறு ராத்திரி. இவர் வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான்தான் காவல். கதவுக்கு முட்டுக்கொடுத்து காஸ் சிலிண்டர். சிலிண்டர் மேல் குக்கர். குக்கர் மேல் நாலு கரண்டி. எவனாவது கதவைத் தள்ளினால் கரண்டி விழும், நான் முழித்துக்கொள்வேன். முழித்துக்கொண்டு என்ன செய்வேன் என்பதற்கு நோட்டில் கட்டம் இல்லை. முதல் வாரம் பூனை இரண்டு தடவை தள்ளியது. அதற்குப் பிறகு தூங்கினால்தானே முழிப்பதற்கு? கதவிடுக்கைப் பார்த்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருப்பேன். வெளியே சார்ஜரின் சின்ன ஃபேன் 'உய்ய்ய்' என்று ஓடும். பச்சை விளக்கு வந்து மீட்டரில் நூறு சதவீதம் ஆனதும் வயரை உருவ வேண்டும். நூறு ஆகச் சில நாள் நடு ராத்திரி ஒரு மணி, ஒன்றரை ஆகிவிடும். நூறு ஆகாமல் ஒரு நாளும் நான் பிடுங்கியதில்லை.

பகலில் வண்டி தங்கம். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒன்பது ஐந்துக்குக் கிளம்பினால் ஒன்பது இருபத்தைந்துக்கு ஆபீஸ். நான் போய்த்தான் மேனேஜர் ரூம் ஃபேனைப் போடுகிறார்கள். எடமலைப்பட்டிபுதூரிலிருந்து கண்டோன்மெண்ட் வரை இடது ஓரமாக, சத்தமில்லாமல், என் இஷ்டத்துக்கு. சைக்கிள்காரர்கள் என்னை முந்தும்போது வணக்கம் வைப்பார்கள். சாயங்காலம் யாருக்காகவும் வாசலில் நிற்பதில்லை. முதல் நாள் வீடு வந்துசேர்ந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மகள் ஜோவிட்டாவைத் தூக்கிக்கொண்டு அழுதேன். குழந்தைக்கு யாரென்று தெரியாமல் அதுவும் அழுதது.

உல்லாசத்துக்கு எப்படி என்றும் கேட்டிருந்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, முக்கொம்பு கிளம்பினோம். நான் என் வண்டியில், இவர் துணைக்கு அவர் பைக்கில். இருபத்தைந்தில் ஓட்டிப் பழக்கமில்லாத மனிதர், வழியெல்லாம் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே வந்தார். கம்பரசம்பேட்டையில் மீட்டரைப் பார்த்தேன். எண்பத்திரண்டு. திரும்பிவிட்டேன்.

"ஏண்டி, இன்னும் எண்பத்திரண்டு இருக்கே!"

"பதினெட்டு போயிடுச்சுங்க."

முக்கொம்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. நீ போனால் சொல்லு.

போன செவ்வாய்க்கிழமைதான் வினை. ஹெட் போஸ்ட் ஆபீஸ் சிக்னலில் நின்றபடியே தூங்கிவிட்டேன். பச்சை விழுந்தது எனக்குத் தெரியாது. பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடித்ததும், ஹாலில் இருக்கிற நினைப்பில், "யாரது? யாரது வாசல்ல?" என்று கத்தினேன். டிரைவர் எட்டிப் பார்த்து, "நான்தாம்மா, ஒண்ணாம் நம்பர் பஸ்" என்றார். சிக்னலே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆபீஸ் போய் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த பஸ் ஹாரன் அடிக்காமல் கிளம்பியிருந்தால், 'சம்பவம் நடந்த விதம்' என்ற கட்டத்தை யார் டைப் அடித்திருப்பார்கள் என்று யோசித்தேன். பக்கத்து சீட் புஷ்பலதாதான். அவளுக்கு 'ள', 'ழ' தெரியாது.

இவரிடம் சொல்லியிருக்கக்கூடாது. சொல்லிவிட்டேன். ரொம்பக் கனிவாக, அதுதான் தாங்கவில்லை, ரொம்பக் கனிவாகச் சொன்னார்: "பயந்துக்கிட்டே ஒரு வண்டி எதுக்கு ஜெனோ? எங்க ஷிஃப்ட்ல ஒருத்தன் அவன் தங்கச்சிக்குக் கேக்குறான். சனிக்கிழமை வந்து பாக்கச் சொல்லியிருக்கேன். நீ கவலைப்படாத. நான் டிராப் பண்றேன்."

சனிக்கிழமை என்றால் இன்றைக்கு.

இப்போது அந்தச் சத்தத்துக்கு வருகிறேன். டங். சர்ர்ர். எங்கள் மாடிப்படி பதினான்கு படி. நான் எண்ணினேன். ஏழாவது டங்கில் இவருக்கு போன் போட்டேன். நல்லவேளை, டீ பிரேக்.

"ஏங்க, வாசல்ல யாரோ."

"வண்டில சாவி இருக்கா?"

"வண்டியா? இங்க நானும் உங்க பொண்ணும்..."

"சரி சரி, பயப்படாத. எடுத்துட்டு ஓடுனா ஓடட்டும். இருபத்தஞ்சுல எவ்வளவு தூரம் போயிருவான்? நடந்தே புடிச்சுரலாம்."

போனை வைத்துவிட்டேன். இந்த மனிதரிடம்தான் நான் மறுபடி கேட்டருகில் நிற்கவேண்டுமாம்.

பதினான்காவது டங். அப்புறம் தரையில் ஒரு நீளமான சர்ர்ர். அது நேராக என் கதவுப் பக்கம் வந்து நின்றது. மூச்சுவாங்கும் சத்தம். உயிருள்ள மூச்சு. கையில் கிடைத்ததை எடுத்தேன். கொசு பேட். பொத்தானை அமுக்கிப் பார்த்தேன். சார்ஜ் இல்லை. வண்டிக்குத்தான் தினமும் போடுகிறேன், கொசு பேட்டுக்கு யார் போடுவது?

அந்த நிமிஷம் எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பயத்துக்கும் தூக்கம் வந்துவிட்டதோ என்னவோ. இருபத்தாறு ராத்திரி உட்கார்ந்திருந்த கோபம் எல்லாம் சேர்ந்து, சிலிண்டரை ஒரு இழு இழுத்தேன். குக்கர் விழுந்தது. கரண்டி நாலும் விழுந்தன. ஜோவிட்டா வீரிட்டாள். நான் கதவைத் திறந்துகொண்டு பேட்டை ஓங்கினேன்.

வெளியே இருந்த உருவம், "வெடிச்சிருச்சு! வெடிச்சிருச்சு!" என்று அலறிக்கொண்டு இரண்டு கை மணலை அள்ளி என் முகத்தில் வீசியது.

வாய் நிறைய மணல், அகிலா. துப்பிவிட்டுப் பார்த்தால் மங்கை அக்கா. நைட்டி, தலையில் துண்டு, பக்கத்தில் ஒரு சிவப்பு வாளி. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றிய காலத்தில் தீப்பிடித்தால் அணைக்க மணல் போட்டு வைத்திருப்பார்களே, அந்த வாளி. அதன் மேல் 'தீ' என்று வெள்ளை எழுத்து.

"நீயாடி? உயிரோடதான் இருக்கியா?"

"நீங்க என்னக்கா பண்றீங்க இங்க?"

"என்ன பண்றேனா? காவல் இருக்கேன்டி. வண்டி வந்த நாள்லேருந்து மேல படியில உக்காந்து எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கேன். இன்னைக்கு அந்த உய்ங்கிற சத்தம் ஒரு மாதிரியா இருந்துச்சு. அதான் வாளியக் கீழ எறக்கினேன். பதினோரு வீடியோ அனுப்பினியே மகராசி, ஒம்பதாவதுல இதே கலரு வண்டி!"

மனுஷி இருபத்தாறு ராத்திரியாகத் தூங்கவில்லையாம். கடையில் ஒருத்தருக்குச் சர்க்கரைக்குப் பதில் துவரம்பருப்பை எடைபோட்டுக் கொடுத்துவிட்டாராம். எனக்குப் பரிதாபமாக இருந்தது. இப்படியும் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு, நானும் கடைசிப் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாளைக்கு ஆள் வருகிறான், வண்டி போய்விடும், நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம் என்றேன். சொல்லிக்கொண்டே கைநீட்டி வண்டி சீட்டில் விழுந்திருந்த மணலைத் தட்டிவிட்டேன். அக்கா என்னையே பார்த்தார். அப்புறம் எடை போடுகிற முகத்தோடு கேட்டார்:

"ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுற?"

"போக ஆறு, வர ஆறு."

"முழுசா ஏத்துனா எத்தனை ஓடும்?"

"அறுபது."

"அப்ப எதுக்குடி தினமும் சொருகுற?"

"நூறு ஆகணும்லக்கா."

"மாசத்துக்கு இருபது கிலோ அரிசி வாங்குறவ, ஒரு படி பொங்கித் தின்னுட்டு மறுநாளே பையத் தூக்கிக்கிட்டு வரிசைல வந்து நிப்பாளா? நாலு நாளைக்கு ஒருக்கா போடு. வார நடுவுல ஒரு தடவை உன் புருஷன் இருக்கிறப்ப, இன்னொரு தடவை ஞாயித்துக்கிழமை பகல்ல. நானும் வீட்ல இருப்பேன், உன் புருஷனும் இருப்பான், கதவு திறந்து கிடந்தா என்ன? மூணு பேரும் நாக்காலி போட்டு உக்காந்து அதையே பாப்போம். வெடிச்சா கண்ணால பாத்துட்டுச் சாவோம். இப்படித் தூங்காம எதுக்குச் சாவணும்?"

வண்டி மீட்டரைப் பார்த்தேன். எண்பத்தொன்பது.

உனக்கு இது புரியும், நீயும் நம் பள்ளிதான். எண்பத்தொன்பதோடு நான் எதையும் விட்டதில்லை. 'மீதி பதினொண்ணு எங்கே?' பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு சிஸ்டர் லியோகாதியா கேட்கிறார். எனக்கு முப்பது வயதாகிறது, ஒரு குழந்தை இருக்கிறது, முகமெல்லாம் மணல், இன்னும் கேட்கிறார். நாளைக்கு வழியில் நின்றுவிட்டால்? பாலத்தின் நடுவில் நின்றுவிட்டால்? மழை வந்தால்? மழை வந்து நாயும் வந்தால்?

"பிடுங்குறியா, நான் பிடுங்கவா?" என்றார் அக்கா. ஆனால் அவர் கிட்டே வரவில்லை, வாளிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

நான்தான் பிடுங்கினேன். உய்ய்ய் என்ற சத்தம் நின்றது. இவ்வளவு நாளும் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் தவளைகள் இருந்திருக்கின்றன, எனக்குத் தெரியாது. வயரை முழங்கையில் சுற்றி உள்ளே எடுத்துக்கொண்டு வந்தேன். போனை எடுத்து இவருக்கு ஒரு வரி: 'நாளைக்கு ஆளை வரச்சொல்ல வேண்டாம். வண்டி விற்பனைக்கு இல்லை.' உடனே பதில் வந்தது: 'திருடன் என்ன ஆனான்?' அதற்கு இன்னும் நான் பதில் போடவில்லை. அவரும் ஒரு ராத்திரி முழித்திருக்கட்டும்.

ஆகவே அகிலா, எந்தக் கம்பெனி, எந்தக் கலர், ஜீரோவிலிருந்து எத்தனை செகண்ட், அதெல்லாம் அப்புறம். முதல் கட்டத்தில் எழுது: பிளக் எங்கே? இரண்டாவது கட்டத்தில் எழுது: ஒரு நாளைக்கு நிஜமாகவே எத்தனை கிலோமீட்டர்? மீதிக் கட்டங்களை உன் இஷ்டப்படி நிரப்பிக்கொள். அந்தப் பதினொரு வீடியோவும் வேண்டுமென்றால் சொல், தகவலுக்காக அனுப்புகிறேன்.

நேற்று வயரை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தப் போனால், அக்கா நிலைப்படியில் நிற்கிறார், ஒரு கையில் தலையணை.

"மேல தனியா படுக்க முடியாதுடி. அந்த ஒம்பதாவது வீடியோ கண்ணுலயே நிக்குது."

"உள்ள வாங்கக்கா."

"வாளி?"

"அது வெளியவே இருக்கட்டும். வண்டிக்குத் துணையா."

நான் இழுத்துத் திறந்த வேகத்தில் கதவு கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. தாழ்ப்பாள் துளைக்கு நேராக வரவில்லை. அக்கா தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அரிசி மூட்டை தூக்குகிற மாதிரி அடியில் கைகொடுத்துக் கதவைத் தூக்கிப் பிடித்தார். நான் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினேன்.

மீதி பதினொன்று வெளியே இருக்கிறது சிஸ்டர், என்றேன். தாழ்ப்பாள் விழுந்தது.